நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்

உங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மறுபடியும் மறுபடியும் குழம்பு ஊற்றிக்கொண்டு, விரலை நக்கி, கண்ணை மூடித் திறந்து, "இதை எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்கிறார். உங்களுக்கு உச்சி குளிர்ந்துபோகிறது. புளி எவ்வளவு, பூண்டு எவ்வளவு, அடுப்பை எப்போது தணிக்க வேண்டும், மீனை எப்போது போட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்கிறீர்கள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார். அந்தத் தலையாட்டலை நம்பினீர்கள் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தீர்கள்.

அடுத்த வாரம் போன் வரும். "நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். ஆனா உங்களுது மாதிரி வரலியே?"

கொஞ்சம் நோண்டிக் கேட்டால் விஷயம் வெளியே வரும். மீன் கிடைக்கவில்லையாம், அதனால் வாழைக்காய். புளி மூட்டுக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம், அதனால் தக்காளி. பூண்டு வாசனை பிடிக்காது. மண்சட்டி எதற்கு, குக்கர் இருக்கும்போது? மற்றபடி எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியேதான். மற்றபடி என்று சொல்வதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. மலையிலும் உண்டு, மலையடிவாரத்திலும் உண்டு. ஆனால் அது நன்றாகக் கொழுத்து, தோகை விரித்து, முழு உருவத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜவ்வாது மலையில் காவலூருக்குத்தான் போக வேண்டும். அங்கே அமலநாதன் இருக்கிறார்.

அமலநாதன் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம், டாக்டர்கள் கிறுக்கிய சீட்டை வாங்கி, அதில் இருந்ததை இருந்தபடி எடுத்துக் கொடுத்தார். காலையில் ஒன்று என்றால் காலையில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன் என்றால் முன். ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரை என்று ஒருநாளும் கை மாறியதில்லை. அப்படிப்பட்ட மனிதர் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே சமையலறைக்குள் நுழைந்தார். அன்றைக்கு அவிழ்ந்தது கட்டு. "ஆயுசு பூரா அடுத்தவன் எழுதுனதையே செஞ்சாச்சு ஜெயா. இனிமே இன்னாத்துக்கு?" என்றார் மனைவியிடம்.

மனைவி ஜெயசெல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நாள்தோறும் அத்தனை பிள்ளைகளுக்கும் அளந்து போட்டு ஆக்கி இறக்குகிறவர். மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளோடு பள்ளியிலேயே முடித்துக்கொள்வார். அதனால்தான் அவர் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். லீவு நாள்தான் ஆபத்து.

சமையலோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அமலநாதனுக்கு சமையல் சாமான்களைப் பரீட்சை பார்க்கிற பழக்கமும் உண்டு. போனில் எதைக் கண்டாலும் ஆர்டர் போடுவார். பார்சல்காரன் மலையேறி வரமாட்டான் என்பதால் பஸ் பிடித்து ஆலங்காயத்துக்கு இறங்கிப்போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வளைவு வளைவாக ஏறி வருவார். வந்ததும் ஓட்டிப் பார்ப்பார். பார்த்ததும் விமர்சனம் எழுதுவார். "தேங்காய்த் துருவி ஒன்று வாங்கினேன். பலாக்கொட்டை துருவினேன். உடைந்துவிட்டது. ஒரு நட்சத்திரம்." "தோசைக்கல் நல்ல கனம். ஆனால் சோறு வடிக்க வசதியில்லை. ஒரு நட்சத்திரம்." "ஒட்டாத கடாய் என்றார்கள். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். பூச்சு போன பின் ஒட்டுகிறது. ஒரு நட்சத்திரம்." ஊரிலே இருக்கிற பெரிய தொலைநோக்கியில் வானத்து நட்சத்திரங்களை எல்லாம் அள்ளி அள்ளிப் பார்க்கிறார்கள். அதே ஊரில் இருந்துகொண்டு, ஒன்றுக்கு மேல் கொடுக்க மனசு வராத மனிதர் இவர்.

இவர் கையில்தான் தேவயானியின் பணியார மாவு போய்ச் சேர்ந்தது.

தேவயானி பக்கத்துத் தெரு. அங்கே மகளிர் குழுவுக்குத் தலைவி. குழுவிலிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து மாவரைக்கும் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, அது ஓடுவதற்கு வேலை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். மலையில் விளைகிற சாமையை அரைத்து, உளுந்தும் வெல்லத்தூளும் கலந்து, பணியார மாவு என்று பாக்கெட் போட்டால் என்ன என்று தேவயானிக்குத் தோன்றியது. திருப்பத்தூரில் சிறுதானியக் கடை வைத்திருக்கும் இளவரசன், "ஊர்ல நாலு பேர் வூட்ல செஞ்சு பாக்கட்டும்க்கா. நல்லா கீதுன்னு சொன்னா நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். அதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து அவனையும் அதில் சேர்த்திருந்தார்கள். மிஷின் ஓடுவதும் ஓடாததும் அந்தக் குழுவில் வருகிற பேச்சில்தான் இருந்தது.

மாவைப் பரீட்சை பார்க்க அமலநாதனை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போய் ஒரு பாக்கெட் வாங்கி, வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துகொண்டு வந்தார்.

பாக்கெட்டின் பின்பக்கம் நாலே வரி. மாவு ஒரு கப், தண்ணீர் ஒரு கப். கலந்து கால் மணி நேரம் ஊறவிடவும். பணியாரக் குழியில் எண்ணெய் விட்டு ஊற்றவும். திருப்பிப் போட்டு எடுக்கவும். அமலநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாய்விட்டுப் படித்தார். திரும்பவும் படித்தார். இந்த இனத்தார் செய்முறையைப் படிப்பதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. ஊன்றிப் படிப்பார்கள். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அன்று லீவு நாள். ஜெயசெல்வி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அமலநாதன் மாவைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து, முந்தின நாள் ரசத்தை எடுத்து மடமடவென்று ஊற்றினார்.

"இன்னாங்க இது? அதுல தண்ணின்னுதானே போட்டிருக்கு?"

"தண்ணில இன்னா கீது ஜெயா? ரசம்னா மிளகு, சீரகம், பூண்டு, எல்லாம் கீது."

"மாவுல வெல்லம் இருக்குங்க."

"இருக்கட்டுமே. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

சத்து போதாது என்று கொள்ளுமாவு விழுந்தது. எத்தனை கை என்று அவரும் பார்க்கவில்லை, ஜெயசெல்வியும் பார்க்கவில்லை, அவர் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஊறவிடுவது சோம்பேறிகள் வேலை என்று கலவையை ஃப்ரீசருக்குள் தள்ளினார். பணியாரக் குழிக்கல் பரண்மேல் இருந்தது. எட்டி எடுப்பானேன்? போன மாதம்தான் ஏர் ஃபிரையர் வாங்கியிருந்தார். எண்ணெயே இல்லாமல் சமைக்கத்தானே அதை வாங்கியது? உறைந்த கலவையைத் தட்டில் கவிழ்த்து, துண்டு துண்டாக வெட்டி, உள்ளே வைத்து, சூட்டை எவ்வளவு தூரம் திருக முடியுமோ அவ்வளவு தூரம் திருகினார். நடுவில் கரண்ட் போனது. வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடி போனது. வந்தது. மறுபடி ஓடவிட்டார். மலையில் அது சகஜம்.

வெளியே வந்த துண்டு ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. தரையில் டைல்ஸ் உடைந்தது. துண்டு உடையவில்லை. ஜெயசெல்வி ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, நாக்கால் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிச் சரிபார்த்துக்கொண்டார். அமலநாதன் கொஞ்ச நேரம் ஆழ்ந்து யோசித்தார். தப்பு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாவில்தான்.

போனை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டார். "எல்லாருக்கும் வணக்கங்க. அமலநாதன் பேசறேன். பாக்கெட்ல சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். பணியாரம் கல்லு மாதிரி கீது. ஒரு நட்சத்திரம்."

திருப்பத்தூரில் இளவரசன் அதைக் கேட்டான். சாயந்திரமே தேவயானிக்கு போன் செய்து, "கொஞ்சம் பாத்துக்கலாம்க்கா" என்றான். கடைக்காரன் பாத்துக்கலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தேவயானிக்குத் தெரியாதா? அடுத்த நிமிடம் அவள் அமலநாதன் வீட்டு வாசலில் நின்றாள்.

"இன்னாண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? மிஷின் வாங்கி வச்சிட்டு நாங்க எத்தினி பேர் வாயப் பாத்துனு குந்தினிருக்கோம் தெரியுமா?"

"நான் இன்னாம்மா பண்ணேன்? உள்ளதச் சொன்னேன். நீ எழுதுன மாதிரியேதான்..."

"ரசம் ஊத்துனாரு," என்றார் ஜெயசெல்வி உள்ளேயிருந்து.

தேவயானி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம உங்க மாதா கோயில் பூசை முடிஞ்சதும் சமுதாயக் கூடத்துக்கு வாங்கண்ணா. இளவரசனயும் வரச் சொல்றேன். எல்லாரு முன்னாடியும், எழுதுனத எழுதுன மாதிரி நீங்களே செஞ்சு காட்டுங்க. அப்பால சொல்லுங்க கல்லா, பணியாரமான்னு."

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் நல்ல கூட்டம். இளவரசன் ஜீப்பில் வந்திறங்கி, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். ஜெயசெல்வி பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று முந்தைய கல் துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவந்து மேஜைமேல் வைத்திருந்தார்.

அமலநாதன் மாவை அளந்து போட்டார். தண்ணீரை எடுத்தார். வெறும் தண்ணீர். அதை ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள், ஏதோ துக்க வீடு என்று நினைத்திருப்பார்கள். ஊற்றி முடித்ததும் வலது கை மெல்ல நகர்ந்து சட்டைப்பைக்குள் போனது.

"கை!" என்றார் ஜெயசெல்வி.

"சும்மா சொறிஞ்சேன்மா."

பையிலிருந்த மிளகுப்பொட்டலம் பறிமுதல் ஆனது. அடுத்தது ஊறவிடுகிற கால் மணி நேரம். ஒன்றுமே செய்யாமல், எதையுமே சேர்க்காமல், ஒரு மனிதன் ஒரு பாத்திரத்துக்குப் பக்கத்தில் எப்படி நிற்பான்? அமலநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கையை இன்னொரு கை பிடித்து வைத்திருந்தது என்று சொல்வதுதான் சரி. பிறகு குழிக்கல், எண்ணெய், ஊற்றல், திருப்பல். எல்லாம் எழுதியிருந்த மாதிரியே. பணியாரமும் உருண்டையாக, பொன்னிறமாக வந்தது. கூட்டம் கைதட்டியது.

இளவரசன் ஒன்றை வாயில் போட்டான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். கைதட்டல் நின்றது.

"ரப்பர் மாதிரி கீதேக்கா," என்றான் மெதுவாக.

அமலநாதனின் முகத்தில் சூரியன் உதித்தது. "பாத்தீங்களா? நான் இன்னா சொன்னேன்?"

தேவயானி ஒன்றை எடுத்துக் கடித்தாள். அவள் முகம் மாறியது. "இன்னா இது? இது நம்ம மாவே இல்ல. தள்ளுங்கண்ணா." அவரை ஒதுக்கிவிட்டு, அதே பாக்கெட்டிலிருந்து மாவைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கை தேங்காய்த் துருவலை அள்ளிப் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து விட்டு, ஆப்ப சோடாவைக் கிள்ளித் தூவி, கலக்கி ஊற்றினாள். அந்தப் பணியாரம் வாயில் வைத்ததும் கரைந்தது. முன்வரிசை அதை முடித்துவிட்டுப் பின்வரிசையின் பங்கையும் முடித்தது.

"சோக்கா கீதுக்கா," என்றான் இளவரசன். "ஆனா தேங்கா, பழம், சோடா... இதெல்லாம் பாக்கெட்ல இல்லியே?"

"அதயெல்லாம் போய் எழுதுவாங்களா? அது போடாம எவளாச்சும் பணியாரம் சுடுவாளா?"

"அப்ப தண்ணி ஒரு கப்புன்னு மட்டும் எழுதியிருக்கீங்க?"

"அது தெரியாதவங்களுக்கு."

இளவரசன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ டீ கொடுத்தார்கள். யோசனையிலேயே மேஜைமேல் இருந்த டப்பாவுக்குள் கைவிட்டு, பிஸ்கட் என்று நினைத்து ஒரு துண்டை எடுத்து டீயில் முக்கினான். ஜெயசெல்வி, "ஐயய்யோ தம்பி!" என்று பாய்வதற்குள் வாயில் போட்டுவிட்டான். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பல்லைப் பார்த்தது.

அவன் கண்கள் விரிந்தன. "இது இன்னா ரஸ்க்கு? மொதல்ல இனிக்குது, அப்பால புளிக்குது, அப்பால காரம் ஏறுது! டீக்குன்னே செஞ்ச மாதிரி கீதே!" இன்னொன்றை முக்கினான். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தான். பிறகு அமலநாதனைப் பார்த்துக் கேட்டான். "சார், இத எப்படி செஞ்சீங்க?"

இதுவரை அமலநாதன் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி அது. அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கிறிஸ்துமஸுக்கு எனக்கு இது வேணும் சார். மகளிர் குழுவே போட்டுக் குடுக்கட்டும். மிஷின் கீது, மாவு கீது. ஆனா இதே மாதிரி இருக்கணும். ஒரு பொட்டு மாறக்கூடாது."

ஒரு பொட்டு மாறக்கூடாது! அமலநாதன் பெருமையோடு வீட்டுக்குப் போய், அதே ரஸ்க்கைத் திரும்பச் செய்ய உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. சமையலறைக்குள் நுழைந்ததிலிருந்து அவர் எதையும் அதே மாதிரி செய்ததில்லை. கொள்ளுமாவு எத்தனை கை? தெரியாது. ஃப்ரீசரில் எவ்வளவு நேரம்? தெரியாது. ரசம் வைத்தது ஜெயசெல்வி. அதே மாதிரி ரசம் வையம்மா என்றார். "எந்த ரசங்க? அன்னிக்கு பருப்பு தீஞ்சிபோச்சி. அந்த ரசமா?" என்றார் அவர். பருப்பைத் தீய்த்து ரசம் வைத்தார்கள். கலந்து உள்ளே வைத்தார்கள். இப்போது கரண்ட் போக வேண்டும். போகவில்லை. அமலநாதன் வாசலில் நின்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஏங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மின்வெட்டுக்கு ஏங்கி நின்ற மனிதரை அன்றைக்குத்தான் காவலூர் பார்த்தது.

"சுவிட்ச நிறுத்துனா போதாதுங்களா?" என்றார் ஜெயசெல்வி.

"நாமளா நிறுத்துறது வேற, அதுவா போறது வேற ஜெயா. அதுவா போகணும்."

அது போகாத அன்று வந்தது கரி. போன அன்று வந்தது களி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கி, தெருவில் நட்சத்திர விளக்குகள் ஏறிவிட்டன. அமலநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரே நம்பியிருக்கிறது, இளவரசன் தினமும் போன் செய்கிறான், அந்தப் பெண்கள் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். கடைசியில் தேவயானியே வந்தாள்.

"எப்படி செஞ்சீங்கன்னு எனக்குச் சொல்லுங்கண்ணா. நான் போட்டுப் பாக்கறேன்."

ரசம், கொள்ளு, ஃப்ரீசர், ஏர் ஃபிரையர், கரண்ட் போன விவரம் எல்லாவற்றையும் அமலநாதன் ஒன்று விடாமல் சொன்னார். தேவயானி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு தூக்கு நிறைய ரஸ்க்கோடு வந்தாள். அமலநாதன் ஒன்றைக் கடித்தார். மொறுமொறுவென்று உடைந்தது. இனிப்பு, பின்னால் புளிப்பு, அதற்கும் பின்னால் மிளகு. அவர் செய்ததைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேண்ணா," என்றாள் தேவயானி.

"ரசம்?"

"ரசத்துல போய் யாராச்சும் மாவு கலக்குவாங்களா? புளித்தண்ணில மிளகு சீரகம் தட்டிப் போட்டேன்."

"கொள்ளு?"

"வாயு. வேர்க்கடல போட்டேன்."

"ஃப்ரீசர்?"

"எங்க வூட்ல ஃப்ரிட்ஜே இல்லியேண்ணா. அந்த ஏர் ஃபிரையரும் இல்ல. ஆலங்காயத்துல பேக்கரி அடுப்புல குடுத்து வாட்டி எடுத்தேன்."

"அப்ப நான் சொன்னது இன்னாதாம்மா செஞ்சே?"

தேவயானி கொஞ்சம் யோசித்தாள். "துண்டு துண்டா போடச் சொன்னீங்களே. அது அப்படியே போட்டேண்ணா."

அமலநாதன் கடித்த மிச்சத்தைக் கீழே வைத்தார். தனக்குப் பொறுமையாகச் செய்முறை சொன்ன எத்தனையோ பெண்கள், அடுத்த வாரம் அவர் போன் செய்தபோது மறுமுனையில் ஏன் அப்படி மௌனமானார்கள் என்று இப்போது தெரிந்தது. ஜெயசெல்வி கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இந்த மனிதர் திருந்திவிட்டார் என்று அவருக்குத் தோன்றியது.

ரஸ்க் திருப்பத்தூருக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்து, பொங்கலுக்கும் கேட்டு வந்தது. மிஷின் இப்போது இரண்டு வேளையும் ஓடுகிறது. இளவரசன், "அந்த மொத ரஸ்க்கு மாதிரி இல்லியேக்கா" என்று ஒருதரம் இழுத்தான். "அதேதான்ப்பா" என்று தேவயானி சொன்னதும் அடங்கிவிட்டான்.

பொங்கல் கழிந்து ஒருநாள், அமலநாதன் டீயில் ரஸ்க்கை முக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமாகத் தேவயானி போனாள். "ஏம்மா, இத எப்படிதான் செய்யற? கொஞ்சம் சொல்லேன்," என்றார். அவளும் நின்று நிதானமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜெயசெல்வி சத்தம் போடாமல் எழுந்துபோய் ஏர் ஃபிரையரின் ஒயரை உருவித் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நாளைக்கு யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்வீர்கள் அல்லவா? சொல்லும்போது காவலூர் எதற்கு என்று உங்கள் ஊரைப் போடுவீர்கள். ஏர் ஃபிரையர் கேட்பவருக்குப் புரியாது என்று அதை மிக்ஸி ஆக்குவீர்கள். அமலநாதனைத் தூக்கிவிட்டு உங்கள் மைத்துனரை வைப்பீர்கள். தேவயானி வருகிற இடம் கொஞ்சம் நீளம் என்று வெட்டிவிடுவீர்கள். முடிவு சப்பென்று இருக்கிறதே என்று நீங்களாக ஒரு தீ விபத்தைச் சேர்ப்பீர்கள். கேட்டவர் சிரிக்காமல் கொட்டாவி விட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள்?

"எனக்கென்னங்க தெரியும்? எழுதியிருந்த மாதிரியேதான் சொன்னேன்."